அவர் பேரில் வைத்த நேர்த்தி

ஊரடங்கு போட்டது அரசாங்கம்தான். ஆனால் குகதாசனை வீட்டோடு இருத்தியது அரசாங்கம் அல்ல, அவருடைய மனைவி உதயகலா. மானிப்பாய்ச் சந்தியில் பொலிஸ் நின்றாலும், விடியப்புறம் உள் ஒழுங்கைகளில் ஓராள் காலாற நடந்துவிட்டு வரலாம். அடுத்த வீட்டு நமசிவாயம் அப்படித்தான் நடந்து திரிந்தார். குகதாசனால் முடியவில்லை. கேற்றில் பூட்டுத் தொங்கியது. பூட்டின் சாவி உதயகலாவின் தாலிக்கொடியில் தொங்கியது.

தாலிக்கொடியில் ஊசி கொழுவி வைக்கும் பெண்களைக் கண்டிருக்கிறோம். கேற்றுச் சாவி கொழுவியவள் அந்த வட்டாரத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் அது தாலியில் பட்டுக் கிணுங்கியது. முதல் கிழமை குகதாசனுக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

"மணி கேக்குது. பூசை தொடங்கியிட்டுது போலை," என்பார் விறாந்தைக் கதிரையில் இருந்தபடி.

"ஓம், தொடங்கியிட்டுது. சாமி இருந்த இடத்தை விட்டு அசையப்படாது," என்பாள் அவள் குசினிக்குள் இருந்து.

குகதாசன் மின்சார மீட்டர் பார்க்கும் உத்தியோகத்தில் வலிகாமத்தைக் காலாலும் சைக்கிளாலும் அளந்தவர். பென்சன் எடுத்த பிறகு கதிரையும் பேப்பருமாக இருந்து, ஒரு தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கொழும்புக்குக் கொண்டு ஓடி, இதயத்துக்குப் போகும் குழாய்க்குள் வலை வைத்துத்தான் காப்பாற்றினார்கள். மருந்து பாதி, நடை பாதி என்று சொல்லி டொக்டர் அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நமசிவாயத்தோடு தினமும் விடியற்காலையில் நடை.

நடையால் அவருடைய நெஞ்சுக்கு என்ன நன்மை வந்ததோ அது டொக்டருக்குத்தான் வெளிச்சம். உதயகலாவுக்கு வந்த நன்மை வேறு. குகதாசன் சுபாவத்தில் வாய் திறவாத மனிதர். ஆனால் நடந்துவிட்டு வந்தால் குசினிப் படியில் குந்தி, பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்குவார். ஆருடைய மதில் வெடித்திருக்கிறது, எந்த வீட்டு நாய் மதகுக்குக் கீழே குட்டி போட்டிருக்கிறது, கனடாவில் இருந்து வந்தவர்கள் காணியைச் சுற்றி என்ன கூத்துக் காட்டுகிறார்கள், எல்லாம் வரும். தேத்தண்ணி ஆறிப் போகும். அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தனை வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் ஆறுதலாக இருந்து அவளோடு கதைத்தது அந்தக் காலத்தில்தான். அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லுகிற விஷயமா அது?

அந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது. மகள் கோபிகா லண்டனில் இருந்து பொழுதுபடப் போன் எடுத்து, தங்கள் றோட்டில் எந்த வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றது என்று சொல்லி அழுதாள். அங்கே இருந்த சொந்தக்காரர் ஒருவர் செத்துப் போனார். செத்த வீட்டை உதயகலா போனில்தான் பார்த்தாள். பெட்டி ஒரு பக்கம், மகன் ஒருத்தன் தூரத்தில் ஒரு பக்கம், வேறு ஒரு சனமும் இல்லை. அன்று பின்னேரம் ரீவியில் ஒரு டொக்டர் வந்து, நெஞ்சு வருத்தமும் சீனி வருத்தமும் உள்ளவர்கள் மிக அவதானமாக இருக்க வேண்டும் என்றார். குகதாசனுக்கு இரண்டும் இருந்தது. உதயகலா எழும்பிப் போய் கேற்றைப் பூட்டினாள்.

குகதாசன் சண்டை பிடிக்கவில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு வளவுக்குள் நடக்கத் தொடங்கினார். விறாந்தையில் இருந்து கிணற்றடி, கிணற்றடியில் இருந்து தேசிமரம், குசினிப் பின்பக்கம், திரும்ப விறாந்தை. அது நல்ல ஏற்பாடுதான். அதையும் கெடுத்தது இவள் வாய்.

ஒருநாள் வெயில் ஏறிய பிறகு நடந்தவர், தேசிமரத்தடியில் நின்று மூச்சை இழுத்து விட்டார். யாருக்கும் வருகிற இளைப்புத்தான். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற உதயகலாவுக்கு ஈரல் கருகிப் போனது. கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினாள்.

"ஐயோ, நெஞ்சு நோகுதோ? இஞ்சேருங்கோ, இப்ப உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் ஆரைக் கூப்பிடுவன்? ஆசுப்பத்திரிக்கும் போகேலாது, கொழும்புக்கும் போகேலாது. நடந்தது காணும், வந்து இருங்கோ."

குகதாசன் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். அதுவரைக்கும் அவருக்கு அந்த நினைவு வந்ததில்லை. இனி ஒன்று நடந்தால் போக இடமில்லை என்பதை அவர் அந்த நிமிடத்தில்தான் விளங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வளவுக்குள்ளும் நடை இல்லை. விறாந்தைக் கதிரையில் இருந்து, இடது மணிக்கட்டை வலது கை விரலால் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பிட்டால் பார்ப்பார், குளித்தால் பார்ப்பார், கதிரை மாறி இருந்தாலும் பார்ப்பார். மணிப் பகிடியும் நின்றுபோனது. வீட்டுக்குள் ரீவி மட்டும் கதைத்தது.

சித்திரைக் கடைசியில் அவருக்குத் தடிமன் பிடித்து உடம்பு சுட்டது. உதயகலா ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சொன்னால் பஸ்ஸில் ஏற்றி எங்கேயோ தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள், இஞ்சி இடித்துக் கொடுத்தாள். உச்சி வெயிலில் கிணற்றடிக்குப் போய், பனைகளுக்கு மேலால் தெரிந்த ஆலடிப் பிள்ளையார் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்தாள்.

"அப்பனே, இந்த மனிசனை என்னட்டை விட்டுவிடு. தேருக்கு உன்ரை வீதியிலை இவரைப் பிரதட்டை பண்ண வைக்கிறன்."

பிரதட்டை என்றால், ஈர வேட்டியோடு கோயில் வீதி முழுக்க உருண்டு வருவது. நேர்த்தி வைக்கும்போது தன்னுடையதை விட்டுவிட்டு மற்றவருடைய உடம்பை ஒப்புக்கொடுப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த கலை. பிள்ளைகளின் தலைமயிரும் காதும் புருஷன்மாரின் முதுகும் அப்படித்தான் கடவுளுக்குப் போய்ச் சேருகின்றன. அந்த நேரத்தில் உதயகலாவுக்கு இதெல்லாம் யோசிக்க வரவில்லை. காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டது. நேர்த்தியைப் பற்றி அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். சந்தி திறந்தது, பஸ் ஓடியது. உதயகலா சாவியைத் தாலிக்கொடியில் இருந்து கழற்றி, பூட்டையும் எடுத்து அலுமாரிக்குள் போட்டாள். அடுத்த நாள் விடிய நமசிவாயம் முகக்கவசத்தோடு கேற்றடியில் வந்து நின்றார்.

"தாசண்ணை, வாறியளே?"

"நாளைக்குப் பாப்பம்," என்றார் குகதாசன் விறாந்தையில் இருந்து.

நாளைக்கும் நாளைக்கு என்றார். நமசிவாயம் ஒரு கிழமை பார்த்துவிட்டுத் தன்பாட்டில் நடக்கப் போனார். உதயகலா சப்பாத்தைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தாள். அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அவள் சப்பாத்தை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கடையில் வாங்கிய சீனியை ஒளித்து வைத்துவிட்டு, முடிந்துபோச்சு, ஓடிப்போய் வாங்கி வாருங்கோ என்றாள். சீனி இல்லாமலே குடிக்கிறேன் என்றார். கோபிகாவை எடுத்துச் சொல்லச் சொன்னாள். மகளோடு கதைக்கும்போது ஓம் ஓம் என்றுவிட்டு, போனை வைத்ததும் நாடியைப் பிடித்தார். கிளினிக்கில் டொக்டர் இரத்தச் சோதனையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இப்படியே இருந்தால் வைத்த வலையும் அடைக்கும் என்றார். நடப்பதில்லையோ என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் உதயகலா பேச்சைத் தொடக்கினாள்.

"டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள் தானே? இனி எண்டாலும் நடவுங்கோவன்."

"நீ தானே நடக்க வேண்டாம் எண்டு சொன்னனீ."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லியிருப்பாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். உதயகலாவுக்கு அழுகை வந்தது. முகக்கவசம் இருந்தபடியால் ஓட்டோக்காரருக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் வேறு வழி தெரியாமல் நேர்த்தியைச் சொல்லிவிட்டாள். அதற்காகவென்றாலும் எழும்பி உடம்பைத் தேற்றுவார் என்பது அவள் கணக்கு. குகதாசன் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"வாக்குக் குடுத்தது நீ. உருளுறது நானோ? நல்ல ஞாயமடி."

அவளும் சிரித்தாள். ஆனால் இரவுச் சாப்பாட்டில் பார்த்தால் அவர் பிட்டைப் பிசைந்தபடி இருக்கிறார், ஒரு வாயும் உள்ளே போகவில்லை. "என்ரை நெஞ்சு உருளத் தாங்குமே, கலா? உருளாமல் விட்டால் பிள்ளையார் சும்மா விடுவாரே?" என்றார். கிருமிக்குப் பயந்த மனிதர், நெஞ்சுக்குப் பயந்த மனிதர், இப்போது பிள்ளையாருக்கும் பயப்படத் தொடங்கிவிட்டார். அதையும் கொண்டுவந்து கொடுத்தது இவள்தான். உதயகலா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலமை தனியாகக் கோயிலுக்கு நடந்தாள். சைக்கிள் கரியரிலும் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் திரிந்தவளுக்குப் பாதித் தூரத்திலேயே முழங்கால் நொந்தது. ஐயர் திருநீற்றுத் தட்டை மர வாங்கில் வைத்துவிட்டு எட்ட நின்றார். அவரவர் எடுத்துப் பூசிக்கொள்ள வேண்டியதுதான். உதயகலா ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"ஆர் வாக்குக் குடுத்தது, பிள்ளை?" என்று கேட்டார் ஐயர்.

"நான்தான் ஐயா."

"அந்த மனிசன் ஒரு சொல்லும் சொல்லேல்லையே. பிறகு அவர் ஏன் உருளோணும்? உங்கடை வாயாலை சொன்னதை உங்கடை உடம்பாலை தீருங்கோ. அடி அழியுங்கோ, பிள்ளையார் ஏற்றுக்கொள்ளுவார். ஆனால் தேருக்கு இந்த முறை உருளவும் அடி அழிக்கவும் விடமாட்டினம், சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. சொல்லிப்போட்டார். திருவிழா முடிஞ்ச பிறகு சனமில்லாத ஒரு காலமை வாங்கோ."

அடி அழிப்பது பெண்களின் நேர்த்தி. நாலடி வைத்து, முழந்தாளிட்டு, நெற்றி மண்ணில் படக் கும்பிட்டு, எழும்பி, திரும்ப நாலடி. அப்படியே வீதி முழுக்க. கோயிலுக்கு நடந்து வரவே நொந்த முழங்காலை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது? வீடு திரும்பும் வழியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பழக வேண்டும். திருவிழா முடிய இன்னும் காலம் இருந்தது.

மறுநாள் விடியக் கிணற்றடிக்கு அப்பால், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில், சட்டைக்கு மேல் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். நாலடி வைத்தாள். முழந்தாளிடும்போதே எலும்பு முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. நெற்றியை மண்ணில் வைத்தவளுக்குத் தூக்க முடியவில்லை. கொஞ்சம் ஆறுவோம் என்று அப்படியே கிடந்தாள்.

பல் விளக்கத் தண்ணீர் எடுக்க வந்த குகதாசன் பின்விறாந்தையில் நின்று அதைக் கண்டார். மனைவி குப்புற விழுந்து கிடக்கிறாள். கையில் இருந்த செம்பு எங்கே போனதோ தெரியாது. சாரத்தை மடித்துக் கட்டினாரோ தூக்கிப் பிடித்தாரோ அதுவும் தெரியாது. கிணற்றுக் கட்டைச் சுற்றி, தேசிமரத்து முள் கிழிக்க, ஓடி வந்தார்.

"கலா, என்னடி செய்யுது? கலா."

அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். "விழேல்லை. கும்பிட்டனான். எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு."

விஷயத்தை முழுக்கச் சொன்னாள். குகதாசன் மண்ணில் குந்தியிருந்து கேட்டார். அவருக்கு நன்றாக இளைத்தது, வியர்த்து வழிந்தது. ஆனால் இரண்டு கையும் அவளுடைய தோளில் இருந்தன. நாடி பார்க்க மறந்துபோயிருந்தார். உதயகலா அதைக் கண்டாள். முன்பென்றால், இளைக்குது பாருங்கோ என்று வாய் திறந்திருப்பாள். இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உன்ரை முழங்காலுக்கு உது சரிவராது," என்றார் அவர்.

"வாக்குக் குடுத்தாச்சு."

"அப்ப தனியச் செய்யாதை. விழுந்தால் ஆர் தூக்கிறது? நாளைக்கு நான் பக்கத்திலை நிக்கிறன்."

நாளைக்கு என்று சொன்னவர் இந்த முறை நாளைக்கே வந்தார். அவள் நாலடி வைத்தால் இவரும் நாலடி வைத்தார். அவள் கும்பிட்டு எழும்பக் கை கொடுத்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியபோது இருவருக்கும் வியர்த்தது. சில நாள் போக, அவள் முழங்கால் பழகத் தொடங்கியது. மண் சுட்டால் வாழையிலை விரித்தார், சிரட்டை கிடந்தால் பொறுக்கி எறிந்தார். "கும்பிடேக்கை மூச்சை விடு, எழும்பேக்கை இழு," என்று சட்டம் வேறு. நோய்க்காரருக்குத் துணையாக நிற்கிற மாதிரித்தான் நின்றார். யார் நோய்க்காரர் என்று உதயகலா கேட்கவில்லை. வாய் விட்டுச் சொன்னால் நின்றுவிடும் என்று பயந்து, இப்படி இப்படித்தான் என்று கோபிகாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

ஆடி பிறந்ததும் ஒருநாள் அவரே சொன்னார்: "கோயில் வீதி மணல். இஞ்சை பழகினது அங்கை உதவாது. போய் ஒருக்கால் பாத்துக்கொண்டு வருவம்." விறாந்தைக்குப் போய் சப்பாத்தை எடுத்து, நிலத்தில் தட்டிக் குளவிக்கூட்டை உதிர்த்தார். கேற்றைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். உதயகலா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆவணிச் சதுர்த்தித் தேர் கொஞ்சச் சனத்தோடு நடந்து முடிந்தது. அதற்கு அடுத்த கிழமை, வெயில் ஏற முதல், இருவரும் கோயிலுக்குப் போனார்கள். உதயகலா குளித்த ஈரத்தோடு கோயில் வாசலில் தொடங்கினாள். கிழக்கு வீதியில் பாதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்பும்வரை ஒரு குறையும் இல்லை. தெற்கு வீதியின் நடுவில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கை கொடுத்தும் எழும்ப முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. அவளுக்கு நோவைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அழுதாள்.

குகதாசன் அவளைத் தாங்கிப் பிடித்து முன் வாசலுக்குக் கொண்டுவந்து தேர் நிறுத்தும் தேர்முட்டிப் படியில் இருத்தினார். சப்பாத்தைக் கழற்றி அவளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மிச்சத்தை நான் நடக்கிறன். என்ரை பேரிலை வைச்ச நேர்த்தி தானே."

"தனியவோ?"

"ஓம்."

அவள் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய், கைகூப்பி நடக்கத் தொடங்கினார். வெறுங்காலோடு மெல்ல நடந்து தெற்கு வீதியின் முடிவில் மூலையில் திரும்பினார். பிறகு தெரியவில்லை. அவர் கோயிலுக்குப் பின்னால் மேற்கு வீதியைக் கடந்து, வடக்கு வீதியால் முன்னுக்கு வர வேண்டும்.

உதயகலா வடக்கு மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஐயர் உள்ளே. வீதியில் ஒரு குருவி இல்லை. இவ்வளவு நேரம் செல்லாதே என்று நினைத்தாள். பின் வீதி மணல் ஆழம், அதனால் சுணங்குகிறார் என்று தேற்றிக்கொண்டாள். பிறகு தேறுதல் நிற்கவில்லை. விழுந்துவிட்டாரோ? பின் வீதியில் விழுந்தால் ஆர் கண்டது? கை தானாகத் தாலிக்கொடியைப் பிடித்தது. முன்பு சாவி தொங்கிய இடம். இருந்த இடத்தில் இருந்து ஒரு சத்தம் போட்டால் போதும், அவர் திரும்பிக் குரல் கொடுப்பார். இவள் நெஞ்சு ஆறும். ஆனால் அந்தச் சத்தம் திரும்பவும் அவருக்குள் போய் இருந்துவிடும். தேசிமரத்தடியில் போட்ட சத்தத்தை எடுக்க எவ்வளவு பாடு. உதயகலா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. கூப்பிடவில்லை.

வடக்கு மூலையில் ஆள் தெரிந்தது. வேட்டியில் மணல். ஒரு அவசரமும் இல்லை. கூப்பிய கையோடு வாசலுக்கு வந்து, விழுந்து கும்பிட்டு, எழும்பினார். தேர்முட்டியை நோக்கி வரும்போதே, இன்னும் இருபது முப்பது அடி தூரத்தில் இருந்தே, தொடங்கிவிட்டார்.

"இஞ்சேர், உனக்குத் தெரியுமே, பின் வீதியிலை பத்மாசினி ரீச்சர் வீட்டு வேலிப் பூவரசு முழுக்கத் தறிச்சுப்போட்டினம். அவ வாசல்லை நிண்டவ, நிண்டு கேட்டுப்போட்டுத்தான் வாறன். மதில் கட்டப் போயினமாம். உந்தக் கொரோனாவுக்குள்ளை உவைக்கு மதில் ஒரு கேடு."

அவ்வளவு நேரமும் நின்று கதைத்திருக்கிறார். கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன உதயகலாவுக்கு. சப்பாத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துப் படியில் இடம் விட்டாள்.

"இருந்து சொல்லுங்கோ," என்றாள். "முதல்லை இருந்து சொல்லுங்கோ."